ஸ்கூலுக்கு ‘தி’ வேண்டாம், பேங்குக்கு வேணும் – ஏன்?

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில், இங்கிலீஷ் பயிற்சி நேரத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



போன மாதம் இங்கிலீஷில் வருகிற ‘ஏ, ஆன், தி’ மூன்றையும் பார்த்தோம். பாடம் முடிஞ்சு எல்லாரும் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புற நேரத்துல, ஒரு உறுப்பினர் தன் மகளோட நோட்டை எடுத்து நீட்டினாங்க. ஆறாம் வகுப்பு நோட்டு. அதில் பிள்ளை இரண்டு வரி எழுதியிருக்கு. ‘மை பிரதர் கோஸ் டு ஸ்கூல்.’ அடுத்த வரி, ‘மை மதர் கோஸ் டு பேங்க்.’ முதல் வரிக்கு டீச்சர் டிக் போட்டிருக்காங்க. இரண்டாவது வரியில் பேங்குக்கு முன்னால சிவப்பு மையில் ‘தி’ எழுதி வட்டம் போட்டிருக்காங்க. “ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? இதுக்கு மட்டும் ஏன் தி? பிள்ளை என்னைக் கேட்குது, எனக்குச் சொல்லத் தெரியல”ன்னு அந்த அக்கா கேட்டாங்க.

கடைசி பஸ் நேரம் ஆயிட்டதால அன்னைக்குப் பேச முடியல. இன்னைக்கு முழு நேரமும் இந்த ஒரு கேள்விக்குத்தான். சின்னக் கேள்வின்னு நினைக்காதீங்க. காலேஜ் படிச்சவங்க, தினமும் ஆபீஸில் இங்கிலீஷ் எழுதுறவங்ககூட தடுக்கி விழுகிற இடம் இது. ஆனா நம்ம பேச்சிலேயே இதுக்குப் பாதி பதில் இருக்கு.

முதலில் பழைய பாடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்குவோம். ‘ஏ’, ‘ஆன்’ இரண்டும் ‘ஒன்’ என்கிற சொல் தேய்ந்து வந்தவை. ஒன்று என்பது நம்மிடம் ‘ஒரு’ ஆனது போலத்தான். ‘தி’ என்பது பழைய காலத்து இங்கிலீஷில் ‘அந்த’ என்று சுட்டிக் காட்டுகிற சொல்லிலிருந்து வந்தது. “ஒரு மாடு வாங்கினேன். அந்த மாடு நல்லா கறக்குது.” முதல் தடவை சொல்லும்போது ஒரு, கேட்கிறவருக்கு எந்த மாடுன்னு தெரிஞ்ச பிறகு அந்த. நாம விரும்பினா போடுறோம், விட்டுட்டா தப்பில்லை. “மாடு வாங்கினேன்”னு சொன்னா யாரும் குறை சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷில் அப்படி விட முடியாது. எண்ணக்கூடிய ஒரு பொருளின் பேர் வந்தா, அதுக்கு முன்னால ஏதோ ஒண்ணு நிக்கணும். ‘ஏ கவ்’, ‘தி கவ்’, இல்லாட்டி ‘மை கவ்’.

அப்படின்னா ஸ்கூல் மட்டும் எப்படி ஒண்ணுமில்லாம தனியா நிக்குது? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

நம்ம வீட்டுப் பேச்சுக்கு வாங்க. “நாளைக்கு ஸ்கூல் இருக்கா?”ன்னு பிள்ளையைக் கேட்கிறோம். “இல்லம்மா, நாளைக்கு ஸ்கூல் இல்லை”ங்குது. ஸ்கூல் எங்கே போச்சு? கட்டடம் அங்கேயேதான் நிக்குது. காம்பவுண்டு சுவரும் வேப்பமரமும் இருக்கு. ஆனா மணி அடிக்காது, பாடம் நடக்காது. அப்போ அந்த வாக்கியத்தில் ஸ்கூல்னு நாம சொன்னது கட்டடத்தை இல்லை. குறிச்ச நேரத்துல ஆரம்பிச்சு, குறிச்ச நேரத்துல முடியுற அந்த நடப்பைச் சொல்றோம். அதே மாதிரி “ஸ்கூலுக்கு வெள்ளையடிச்சாங்க”ன்னு சொன்னா அது கட்டடம். ஒரே சொல்தான், ஆனா ரெண்டு அர்த்தம். தமிழில் இதைப் பிரிச்சுக் காட்ட நமக்குத் தனி அடையாளம் கிடையாது, பேச்சை வச்சே புரிஞ்சுக்கிறோம்.

இங்கிலீஷ்காரங்க இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்ட ‘தி’யைப் பயன்படுத்துறாங்க. நடப்பைச் சொன்னா ஒண்ணும் வேண்டாம், வெறும் ‘ஸ்கூல்’. கட்டடத்தையோ, இன்ன பள்ளிக்கூடம்னு ஒரு இடத்தையோ சொன்னா ‘தி ஸ்கூல்’. ‘நோ ஸ்கூல் டுமாரோ’ன்னு வாட்ஸ்அப்பில் வந்தா, நாளைக்குப் பாடம் கிடையாதுன்னு அர்த்தம்.

இதை நம்ம உறுப்பினர்களோட வேலையிலேயே பார்க்கலாம். அரசுப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிச்சு. ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாச்சு. பல ஊர்களில் சமையலுக்கு வந்தது நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். விடியறதுக்கு முன்னால எழுந்து போய் உப்புமாவும் பொங்கலும் கிண்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியும். அந்தச் சமையலறையை மனசுல வச்சுக்கிட்டு இந்த வாக்கியத்தைக் கேளுங்க.

‘தி சில்ட்ரன் ஹேவ் பிரேக்ஃபாஸ்ட் அட் ஸ்கூல்.’ பிள்ளைங்க ஸ்கூல்ல காலைச் சாப்பாடு சாப்பிடுறாங்க. இங்கே ஸ்கூலுக்கு ‘தி’ இல்லை. பிள்ளைங்க படிக்க வந்தவங்க, அந்த நடப்புக்குள்ள இருக்கிறவங்க. பிரேக்ஃபாஸ்டுக்கும் ஒண்ணும் இல்லை, அதைப் பின்னால சொல்றேன். இப்போ, ஒரு பிள்ளையோட அம்மா டீச்சரைப் பார்த்துப் பேச வர்றாங்க. ‘தி மதர் வென்ட் டு தி ஸ்கூல்.’ அம்மா படிக்க வரல, அந்த இடத்துக்கு வந்தாங்க. அதனால ‘தி’. மகள் ‘கோஸ் டு ஸ்கூல்’, அம்மா ‘கோஸ் டு தி ஸ்கூல்’. ரெண்டு பேரும் ஒரே கேட்டுக்குள்ளதான் நுழையுறாங்க!

“டீச்சருக்கு என்ன சொல்றது?”ன்னு பின்னாலிருந்து ஒரு குரல் வருது. நல்ல கேள்வி. டீச்சரும் அந்த நடப்பில் பங்கு உள்ளவங்க, அவங்களும் ‘அட் ஸ்கூல்’னே சொல்லிக்கலாம். சமைக்கிற அக்கா? ‘ஷி குக்ஸ் அட் தி ஸ்கூல்’ன்னு சொன்னா சரியா இருக்கும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்னு தோணினா, ‘ஷி இஸ் அட் ஒர்க்’. வேலையில இருக்காங்க. அதுக்கும் ‘தி’ கிடையாது.

இதெல்லாம் நுணுக்கம் பார்க்கிற வேலை, ஒரு ‘தி’ விட்டா என்ன குடிமுழுகிப் போகும்னு சிலர் நினைக்கலாம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா நாலைந்து சொற்கள் இருக்கு, அங்கே விட்டா அர்த்தமே மாறிப் போகும். சில வருஷத்துக்கு முன்னால ஒரு ஊர்க் குழுவில் நடந்ததைச் சொல்றேன். பேர், ஊர் வேண்டாம், பேங்க் பேரும் வேண்டாம்.

ஒரு உறுப்பினர் கறவை மாட்டுக் கடனுக்கு மனு போட்டிருந்தாங்க. கணவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். பேங்கில் அப்போதான் வெளி மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி. அவருக்குத் தமிழ் வராது. “வேர் இஸ் யுவர் ஹஸ்பண்ட்?”னு கேட்டிருக்கார். அந்த அக்காவுக்குக் கேள்வி புரிஞ்சது. பத்தாவது வரை படிச்சவங்க, தைரியமா பதிலும் சொன்னாங்க. “மை ஹஸ்பண்ட் இஸ் இன் ஜெயில், சார்.”

உண்மை என்னன்னா, அவர் பெயிண்ட் அடிக்கிற தொழிலாளி. அந்த மாசம் கான்ட்ராக்டர் எடுத்திருந்த வேலை, ஜெயில் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறது. தமிழில் கேட்டிருந்தா அந்த அக்கா “ஜெயில்ல பெயிண்ட் வேலைக்குப் போயிருக்காரு”ன்னு சொல்லியிருப்பாங்க. வெறுமனே “ஜெயில்ல இருக்காரு”ன்னு நம்ம ஊரில் யாராவது சொல்லுவாங்களா? மாட்டோம். நம்ம மொழியிலும் அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஆனா பெயிண்ட் வேலைங்கிறது இங்கிலீஷில் அந்த நேரத்துக்கு வாயில வரல. தெரிஞ்ச சொல்லை மட்டும் சொல்லிட்டு நிறுத்திட்டாங்க.

அதிகாரி வேற ஒண்ணும் கேட்கல. ஃபைலை மூடி ஓரமா வச்சுட்டார். எதுக்குன்னு இந்த அக்காவுக்கும் தெரியல. குழு ஊக்குநர் இரண்டு தடவை நடந்து, கான்ட்ராக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக் காட்டின பிறகுதான் விஷயமே வெளியில் வந்தது. அதுக்குள்ள மூணு வாரம். பேசி வச்சிருந்த மாட்டை அதன் சொந்தக்காரர் வேற ஆளுக்குக் கொடுத்துட்டார். அச்சாரமா கொடுத்த 2,000 ரூபாயில் பாதிதான் திரும்பி வந்தது.

‘இன் ஜெயில்’னா கைதியா உள்ளே இருக்கார். ‘அட் தி ஜெயில்’னா ஏதோ காரியமா அந்த இடத்துக்குப் போயிருக்கார். ‘தி’ போட்டுச் சொல்லியிருந்தா, ‘எதுக்கு?’ன்னு ஒரு கேள்வியாவது வந்திருக்கும். ‘ஹி இஸ் அட் ஒர்க்’னு சொல்லியிருந்தா கேள்வியே இல்லை. இங்கே நான் ஒண்ணு சொல்லியாகணும். அந்த அக்கா மேல பழி போட எனக்கு மனசு வரல. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களுக்குக் கடன் கொடுக்கிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறவர், சந்தேகம் வந்தா பக்கத்தில் இருக்கிற ஊழியரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டிருக்கணும். மொழி தெரியாதது ரெண்டு பேருக்கும்தான். நஷ்டம் மட்டும் ஒருத்தருக்கு.

கோர்ட்டும் இப்படித்தான். “நான் கோர்ட்டுக்குப் போவேன்”னு பங்காளிகிட்ட சொன்னா வழக்குப் போடுவேன்னு அர்த்தம், யாரும் கட்டடத்தைச் சுத்திப் பார்க்கப் போறதா நினைக்க மாட்டாங்க. ‘கோ டு கோர்ட்’டும் அதேதான். கோர்ட் வாசலில் டீக்கடை வச்சிருக்கிற பெண் ‘ஐ கோ டு கோர்ட் டெய்லி’ன்னு சொன்னா, கேட்கிறவர் ‘பாவம், என்ன வழக்கோ’ன்னு நினைப்பார். ‘ஐ ஹேவ் ஏ டீ ஷாப் நியர் தி கோர்ட்.’ இப்போ தெளிவா இருக்கு.

ஆஸ்பத்திரியில் ஒரு வேடிக்கை. உடம்பு சரியில்லாமல் பெட்டில் படுத்திருக்கிறவரை இங்கிலாந்துக்காரங்க ‘இன் ஹாஸ்பிட்டல்’ம்பாங்க. அமெரிக்காக்காரங்க அதே ஆளை ‘இன் தி ஹாஸ்பிட்டல்’ம்பாங்க. நம்ம பாடப் புத்தகங்கள் இங்கிலாந்து வழக்கத்தைப் பின்பற்றி வந்ததால், ‘தி’ இல்லாமல் எழுதுறதுதான் இங்கே அதிகம். பார்க்கப் போனவருக்கு ரெண்டு நாட்டிலும் ‘அட் தி ஹாஸ்பிட்டல்’தான். மாமியாரை அட்மிட் பண்ணியிருக்கு, நீங்க துணைக்கு இருக்கீங்கன்னா, ‘மை மதர்-இன்-லா இஸ் இன் ஹாஸ்பிட்டல். ஐ அம் அட் தி ஹாஸ்பிட்டல் வித் ஹெர்.’ யாருக்கு உடம்பு சரியில்லைன்னு போனில் பதற வேண்டியதில்லை.

இப்போ நேரம் குறிச்சு நடக்கிற மற்ற காரியங்களுக்கு வருவோம். கிளாஸ், ஒர்க், டிரெய்னிங், பிராக்டிஸ், அப்புறம் சாப்பாட்டு வேளைகள்: பிரேக்ஃபாஸ்ட், லன்ச், டின்னர். இதெல்லாம் தனியா நிக்கும். ‘ஐ ஹேவ் கிளாஸ் அட் டென்.’ பத்து மணிக்கு எனக்கு கிளாஸ். ‘ஐ ஹேவ் டிரெய்னிங் டுமாரோ.’ நாளைக்கு எனக்கு டிரெய்னிங். தமிழை அப்படியே சொல்ற மாதிரி இருக்கு, இல்லீங்களா? ‘கால் மீ ஆஃப்டர் லன்ச்’, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போன் பண்ணுங்க. ராத்திரி ‘கோ டு பெட்’னா தூங்கப் போறது. ‘கோ டு தி பெட்’னா கட்டில் பக்கம் நடந்து போறது, தலையணை எடுக்கவோ பிள்ளையை எழுப்பவோ.

ஒர்க் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு பேசணும். நம்மில் நிறையப் பேர் “எனக்கு ஒரு வேலை இருக்கு”ங்கிறதை அப்படியே ‘ஐ ஹேவ் ஏ ஒர்க்’னு சொல்றோம். இது வேண்டாம். ஒர்க்னா வேலைங்கிற மொத்தம். தண்ணி மாதிரி. ஒரு தண்ணி, ரெண்டு தண்ணின்னு எண்ண முடியுமா? ‘ஐ ஹேவ் ஒர்க்’ போதும், இல்லைன்னா ‘சம் ஒர்க்’. சம்பள வேலை ஒண்ணு கிடைச்சிருக்குன்னா அது ‘ஏ ஜாப்’. டிரெய்னிங்கும் தண்ணி ரகம்தான், ‘ஏ டிரெய்னிங்’ கிடையாது. நம்ம தொண்டு நிறுவனத்து ரிப்போர்ட்களிலேயே ‘டிரெய்னிங்ஸ்’னு பன்மையில் எழுதுற வழக்கம் இருக்கு, அதைப் பார்த்துப் பழகிடாதீங்க.

இடையில் ஒண்ணு. ‘கோ டு ஒர்க்’னா சம்பளத்துக்கு வெளியே வேலைக்குப் போறது. அதனால நீங்க வீட்டில் விடியக் காலையில எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சமைச்சு, தண்ணி பிடிச்சு வச்சாலும், ‘ஐ டோன்ட் கோ டு ஒர்க்’னுதான் சொல்லுவீங்க. அது இலக்கணப்படி சரி. ஆனா யாராவது ‘சோ, யூ ஹேவ் நோ ஒர்க்?’னு கேட்டா, ‘ஐ ஹேவ் ஒர்க், சார், ப்ளென்ட்டி’ன்னு சொல்லுங்க. அதுவும் இலக்கணப்படி சரிதான்.

சரி, இவ்வளவு நேரம் எல்லாத்துக்கும் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே வந்தேன். மீட்டிங்? நாம அதிகமா சொல்ற சொல்லே அதுதான். “இன்னைக்கு மீட்டிங் இருக்கு.” அப்படியே ‘ஐ ஹேவ் மீட்டிங் டுடே’ன்னு சொல்லிடுவோம். அங்கே ‘ஏ’ வேணும். ‘ஐ ஹேவ் ஏ மீட்டிங் டுடே.’ மீட்டிங்கும் நேரம் குறிச்சு நடக்கிறதுதானே, அதுக்கு மட்டும் ஏன்? மீட்டிங்கை இங்கிலீஷ்காரங்க தனித்தனியா எண்ணுறாங்க. நம்ம தீர்மான நோட்டைப் பாருங்க, முதல் கூட்டம், ரெண்டாவது கூட்டம்னு ஒவ்வொண்ணுக்கும் தேதி, வருகை, தீர்மானம் தனித்தனி. அப்படி ஒண்ணொண்ணா நிக்கிற நிகழ்ச்சிக்கு ‘ஏ’. பரீட்சை, ‘ஆன் எக்ஸாம்’. இன்டர்வியூ, ‘ஆன் இன்டர்வியூ’. கல்யாணம், ‘ஏ வெட்டிங்’. நாளைக்கு லீவு, ‘டுமாரோ இஸ் ஏ ஹாலிடே’.

கிளாஸ் ரெண்டுங்கெட்டான். ‘ஐ ஹேவ் கிளாஸ்’னும் சொல்லலாம், ‘ஐ ஹேவ் ஏ கிளாஸ்’னும் சொல்லலாம். முதலாவது அமெரிக்காவில் அதிகம் கேட்கிற பேச்சு. இங்கிலாந்தில் ‘ஏ கிளாஸ்’, ‘ஏ லெசன்’னு சொல்றவங்க அதிகம். எதைச் சொன்னாலும் சரிதான்.

இன்னும் ஒரு குழப்பம் இருக்கு. ஸ்கூலிலிருந்தும் பேங்கிலிருந்தும் வருகிற மெசேஜில் ‘பேரன்ட்ஸ் மீட்டிங் அட் டென்’னு ‘ஏ’யும் இல்லாம ‘தி’யும் இல்லாமத்தான் இருக்கும். நோட்டீஸ் போர்டில், பேப்பர் தலைப்பில், அழைப்பிதழில் எல்லாம் இடத்தை மிச்சம் பிடிக்க இதை வெட்டி விடுவாங்க. நாம தந்தி அடிச்ச காலத்தில் ‘அப்பா சீரியஸ் உடனே வா’ன்னு அடிச்ச மாதிரி. அது எழுத்துச் சிக்கனம். அதைப் பார்த்து வாய்ப்பேச்சிலும் கடிதத்திலும் விட வேண்டாம். பேங்க் மேனேஜருக்குக் கடிதம் எழுதும்போது ‘வீ ஹேட் ஏ மீட்டிங்’னு முழுசா எழுதுங்க.

சாப்பாட்டு வேளை பேருக்கு முன்னால ஒரு வர்ணனை வந்தா ‘ஏ’ திரும்ப வந்து உட்கார்ந்துக்கும். ‘வீ ஹேட் பிரேக்ஃபாஸ்ட்’, சாப்பிட்டோம். ‘வீ ஹேட் ஏ குட் பிரேக்ஃபாஸ்ட்’, நல்லா சாப்பிட்டோம். குறிப்பா ஒரு நாள் சாப்பாட்டைச் சொன்னா ‘தி’ வரும். ‘தி லன்ச் வீ ஹேட் அட் தி ஃபெடரேஷன்’, அன்னைக்குக் கூட்டமைப்பில் சாப்பிட்டோமே அந்தச் சாப்பாடு. நம்ம ‘அந்த’ வருகிற இடத்தில் ‘தி’ வரும்னு மனசுல வச்சுக்கிட்டா இது தானா வந்துடும்.

இப்போ நோட்டில் இருந்த கேள்விக்கு வர்றேன். பேங்குக்கு ஏன் ‘தி’? பேங்கிலும் நேரம் குறிச்சுத்தானே எல்லாம் நடக்குது? மார்க்கெட், போஸ்ட் ஆபீஸ், ரேஷன் கடை, இதுக்கெல்லாமும் ‘தி’ வேணும். ‘கோ டு தி பேங்க்’, ‘கோ டு தி மார்க்கெட்’, ‘கோ டு தி போஸ்ட் ஆபீஸ்’. பேங்குன்னு சொன்னா இங்கிலீஷ்காரங்க மனசில் அது ஒரு இடமாத்தான் தெரியுது. ‘டுடே ஐ ஹேவ் பேங்க்’னு சொல்லிப் பாருங்க, அவங்க காதுக்கு ஒட்டாது. ஸ்கூல், காலேஜ், சர்ச், கோர்ட், ஜெயில், ஹாஸ்பிட்டல்னு ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் அந்தச் சலுகை பழகிப் போச்சு.

ஏன் அந்தக் கூட்டத்துக்கு மட்டும்னு மேல மேல காரணம் கேட்டு மல்லுக்கட்டினா முடியாது. வெளியூரிலிருந்து ஒரு பொண்ணு வந்து உங்ககிட்ட தமிழ் கத்துக்கிறான்னு வச்சுக்குங்க. சோறு ஆக்குறோம், குழம்பு வைக்கிறோம், தோசை சுடுறோம், இட்லி அவிக்கிறோம், வடை போடுறோம், காபி கலக்குறோம். “ஏன்க்கா குழம்பை ஆக்கக் கூடாது, தோசையை வைக்கக் கூடாது?”ன்னு அவ கேட்டா என்ன சொல்லுவீங்க? கொஞ்சம் யோசிச்சா சிலதுக்குக் காரணம் சொல்லலாம். சிலதுக்கு “அப்படித்தான் சொல்லுவோம்”னு சொல்லிச் சிரிப்போம். இங்கிலீஷ்காரங்களும் மனுஷங்கதானே! பிள்ளை கேட்டா இதையே சொல்லுங்க: ஸ்கூல்ங்கிறது அங்கே நடக்கிறதுக்கும் பேரு, பேங்குங்கிறது இடத்துக்குப் பேரு. ஆறாம் வகுப்புக்கு இது போதும்.

ஆபீஸ் பத்தியும் கேட்டீங்க. ‘ஹி ஹேஸ் கான் டு ஆபீஸ்’னு நம்ம நாட்டில் எல்லாரும் சொல்றோம். வெளிநாட்டு இலக்கணப் புத்தகம் ‘டு தி ஆபீஸ்’ இல்லைன்னா ‘டு ஒர்க்’னு திருத்தும். பரீட்சையில் பிள்ளைகள் ‘தி’ போட்டு எழுதட்டும். பேச்சில் நீங்க ‘டு ஆபீஸ்’னு சொன்னா இந்தியாவில் புரியாதவங்க யாரும் கிடையாது. அதுக்காக வாயை மூடிக்கிட்டு நிக்க வேண்டாம்.

கோயில்? முன் வரிசையில் இருந்து வந்த கேள்வி. சர்ச்சுக்கு அவங்க மொழியில் பழைய வழக்கம் இருக்கு, ‘கோ டு சர்ச்’. ஞாயிற்றுக்கிழமை இத்தனை மணிக்குன்னு குறிச்சு நடக்கிற பூசை அது. கோயிலுக்கு ‘கோ டு தி டெம்பிள்’னு எழுதினா எந்த டீச்சரும் திருத்த மாட்டாங்க. ‘கோ டு டெம்பிள்’னும் சொல்றவங்க இருக்காங்க. வழிபாடுங்கிற அர்த்தத்தில் அதுவும் வழங்குது. தேர் பார்க்க, கடை போட, முடி இறக்கின பிள்ளைக்குத் துணையான்னு எதுக்குப் போனாலும் ‘தி’ போட்டுக்கிட்டா கவலை இல்லை.

இப்போ ஒரு பயிற்சி. பக்கத்தில் இருக்கிறவரோட ஜோடி சேர்ந்துக்குங்க. நாளைக்கு உங்களுக்கு என்னென்ன இருக்குன்னு ‘ஐ ஹேவ்’ போட்டு நாலு வாக்கியம் சொல்லணும். வேலை, மத்தியானச் சாப்பாடு, குழுக் கூட்டம், இன்னொண்ணு உங்க இஷ்டம். எண்ணக்கூடிய ஒரு நிகழ்ச்சியான்னு உங்களையே கேட்டுக்கிட்டு, ஆமான்னா ‘ஏ’ போடுங்க. அப்புறம், வீட்டில் ஒருத்தர் எங்கே இருக்காருன்னு ஒரு வாக்கியம். பிள்ளை ஸ்கூலில், மாமனார் வயலில், கணவர் வேலையில், யாராவது ஆஸ்பத்திரியில். வயலுக்கு ‘இன் தி ஃபீல்ட்’, அது இடம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஸ்கூலிலிருந்தோ பேங்கிலிருந்தோ வந்த ஒரு மெசேஜைப் போனில் அழிக்காமல் கொண்டு வாங்க. எங்கே எதை வெட்டியிருக்காங்கன்னு சேர்ந்து பார்ப்போம்.

வாசலில் தட்டோட அக்கா வந்து நிக்கிறாங்க. இங்கிலீஷில் சொன்னா ‘டீ இஸ் ரெடி’. டீ நேரம், வேளைப் பேரு, அதனால ஒண்ணும் போடல. குடிச்சிட்டு ஜோடிப் பயிற்சியை ஆரம்பிக்கலாம்.